காதுக்குத் தூரம், காலுக்குப் பக்கம்

கேள்வி: டாலஸுக்கு வடக்கே, காலின் கவுண்டியில் வேகமாக வளரும் ஓர் ஊரில் இருக்கிறோம். வீடு வாங்கியபோது சுற்றிலும் வெறும் புல்வெளி. இப்போது எந்தப் பக்கம் பார்த்தாலும் கட்டுமானம். எங்கள் குடியிருப்புப் பூங்காவில் இரண்டு டென்னிஸ் கோர்ட் உண்டு. கோவையிலிருந்து வந்திருக்கும் என் மாமனார் (வயது 68) அங்கே சாக்பீஸால் கோடு போட்டு, அக்கம்பக்கத்துப் பெரியவர்களோடு தினமும் காலையில் பிக்கிள்பால் (டென்னிஸ் போல, ஆனால் சிறிய கோர்ட்டில் நரம்பில்லாத கெட்டி மட்டையால் ஆடும் ஆட்டம்) ஆடுகிறார். ஊர் நிர்வாகம் இப்போது மூன்று யோசனைகளை வைத்திருக்கிறது. ஒன்று, அந்த டென்னிஸ் கோர்ட்டுகளிலேயே நிரந்தரமாகக் கோடு வரைவது. இரண்டு, அதே பூங்காவின் ஓரத்தில், வீடுகளின் பின்வேலியை ஒட்டி 4 புதிய கோர்ட் கட்டுவது. மூன்று, அரை மைல் தள்ளி, ஆறு வழிச் சாலைக்கு அப்பால் வரப்போகும் பெரிய பூங்காவில் 12 கோர்ட் கட்டுவது. இதற்குச் சில ஆண்டுகள் ஆகுமாம். பூங்காவை ஒட்டிய வீட்டில் ஒரு நர்ஸ் இருக்கிறார். இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குபவர். சத்தத்தை நினைத்துக் கடுமையாக எதிர்க்கிறார். கவுன்சில் கூட்டத்தில் பேச எனக்கு மூன்று நிமிடம் கிடைக்கும். எதைக் கேட்பது?
— ஒரு வாசகி, டெக்சஸ்

பதில் (பூங்கா, விளையாட்டுத் திடல் வடிவமைப்புப் பொறியாளர்):

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது யோசனையைக் கேளுங்கள், ஆனால் இரண்டு திருத்தங்களோடு: 12 கோர்ட்டும் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்காமல் முதல் 4 கோர்ட்டை முன்னதாகக் கட்ட வேண்டும், உங்கள் குடியிருப்பிலிருந்து அங்கே நடந்துபோக நல்ல வழி வேண்டும். இரண்டாவது யோசனை வேண்டவே வேண்டாம். முதலாவதை இடைக்கால ஏற்பாடாக, நேரக் கட்டுப்பாட்டோடு ஏற்கலாம்.

சத்தத்திலிருந்து தொடங்குகிறேன். பிக்கிள்பால் கோர்ட் கட்டிய ஊர்களில் அக்கம்பக்கத்தார் முகம் திருப்பிக்கொண்டது பெரும்பாலும் இதனால்தான். டென்னிஸ் பந்து ரப்பர், மேலே கம்பளி, மட்டையில் நரம்பு. அடித்தால் அமுங்கிய ஓசைதான் வரும். பிக்கிள்பால் பந்து ஓட்டைகள் போட்ட கெட்டி பிளாஸ்டிக். பேடில் எனப்படும் அதன் மட்டையின் முகமும் கெட்டி. அதனால் வரும் ‘டக்’ என்ற கூர்மையான ஒலி 1,000 முதல் 1,200 ஹெர்ட்ஸ் பக்கம் விழுகிறது. மனிதக் காது நன்றாகப் பிடித்துக்கொள்ளும் பகுதி அது. 100 அடி தூரத்தில் சுமார் 70 டெசிபல் இருக்கும். தூரம் இரட்டிப்பாகும்போது 6 டெசிபல் குறையும். 200 அடியில் 64, 400 அடியில் 58 என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் காலை ஏழு மணிக்குத் தொடங்கி விளக்கு அணையும் வரை, ஒழுங்கே இல்லாத இடைவெளியில், நான்கு கோர்ட்டிலிருந்தும் விழுந்துகொண்டே இருக்கும். சீராக ஓடும் சாலை இரைச்சலுக்குப் பழகிவிடும் மனம் இதற்குப் பழகுவதில்லை. அந்த நர்ஸ் மிகைப்படுத்தவில்லை. தயவுசெய்து அவரை விளையாட்டுக்கு எதிரி என்று யாரும் பேச விடாதீர்கள்.

கொலராடோவில் நடந்ததைக் கவுன்சிலுக்கு நினைவூட்டலாம். டென்வர் நகரம் 2023-இல் காங்கிரஸ் பார்க்கில் இருந்த பிக்கிள்பால் கோர்ட்டுகளைச் சத்தப் புகார்களால் மூடியது. அதே ஆண்டு, பக்கத்திலுள்ள சென்டென்னியல் நகரம் வீடுகளுக்கு அருகில் புதிய கோர்ட்டுகள் கட்டுவதைத் தற்காலிகமாக நிறுத்திவைத்துவிட்டு விதிகளை எழுத உட்கார்ந்தது. கட்டிய பிறகு மூடுவது ஆடுபவருக்கும் நஷ்டம், ஊர்ப் பணத்துக்கும் நஷ்டம். இந்தத் துறையின் ஒலியியல் பொறியாளர்கள் வைத்திருக்கும் நடைமுறை அளவு இது: வீட்டுக்கு 150 அடிக்குள் என்றால் மிகக் கவனமான ஒலித்தடுப்பு வடிவமைப்பு இல்லாமல் தொடக்கூடாது, 350 அடிக்குள் என்றால் பெரும்பாலும் ஏதாவது தடுப்பு வேண்டியிருக்கும், 500 அடியைத் தாண்டினால் பொதுவாகத் தொல்லை இல்லை. பின்வேலியை ஒட்டிக் கட்டுவது என்பது இந்த முதல் எல்லைக்கும் வெகு உள்ளே.

“ஒலித்தடுப்புத் திரை கட்டிவிடுகிறோம்” என்று பதில் வரும். வேலியில் தொங்கவிடும் கனமான வினைல் திரை நன்றாக அமைந்தால் 10 டெசிபல் அளவுக்குக் குறைக்கும். அது நல்ல குறைவுதான். ஆனால் பந்து அடிபடும் இடமும் கேட்பவர் காதும் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி திரை நடுவில் மறைத்தால்தான் அந்தப் பலன். உங்கள் பக்கத்துப் புதிய வீடுகளில் முக்கால்வாசி இரண்டு மாடி, படுக்கையறை மேலே. பத்தடி திரைக்கு மேலாக மாடி ஜன்னல் கோர்ட்டை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும். தவிர, வடக்கு டெக்சஸ் காற்று உங்களுக்குத் தெரியும். காற்றுப் புகாத திரையைச் சாதாரணக் கம்பிவேலித் தூண்களில் கட்டினால் வேலியே சாய்ந்துவிடும். அதற்கென்று கணக்குப் போட்டுத் தூணும் அஸ்திவாரமும் அமைக்க வேண்டும். “மரம் நட்டுவிடலாம்” என்றும் ஒருவர் எழுந்து சொல்வார். மரம் நிழலுக்கு நல்லது, கண்ணுக்கு மறைவு. ஒரு வரிசை மரம் இந்தச் சத்தத்தைத் தடுக்காது.

இனி, வளரும் ஊர்களுக்கே உரிய ஒரு விஷயம். இதை நீங்கள் கேட்காவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று பயப்படுகிறேன். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கின்படி 2022 ஜூலையிலிருந்து 2023 ஜூலை வரை நாட்டிலேயே வேகமாக வளர்ந்த ஊர் செலினா, 26.6 சதவீதம். அடுத்த ஆண்டு பிரின்ஸ்டன், 30.6 சதவீதம். இரண்டுமே உங்கள் கவுண்டி. இப்படிப்பட்ட இடத்தில் “பக்கத்தில் வீடே இல்லையே” என்ற பேச்சுக்குப் பொருளில்லை. இன்று சோளக்காடாக இருக்கும் நிலத்துக்கு லேஅவுட் அனுமதி ஏற்கெனவே கிடைத்திருக்கலாம். பெரிய பூங்காவைச் சுற்றியுள்ள நிலத்தின் மண்டல வகைப்பாட்டையும் (எங்கே வீடு, எங்கே கடை என்ற பகுப்பு), அனுமதி பெற்ற மனை வரைபடங்களையும் பாருங்கள்; அவை பொது ஆவணங்கள், பெரும்பாலான ஊர்கள் இணைய வரைபடத்திலேயே வைத்திருக்கின்றன. 500 அடியை இன்றைய வீட்டுச் சுவரிலிருந்து அளக்கக்கூடாது, நாளைய மனையின் எல்லைக்கோட்டிலிருந்து அளக்க வேண்டும். 12 கோர்ட்டையும் பூங்காவின் எந்த மூலையில் வைப்பது என்பதை இந்த ஒரு கணக்குத்தான் முடிவு செய்ய வேண்டும். பெரிய சாலைப் பக்கமோ, கடைகள் வரப்போகும் பக்கமோ, வாகன நிறுத்தம் வரும் பக்கமோ இருந்தால் நல்லது. சாலை இரைச்சல் அங்கே ஏற்கெனவே இருக்கும்.

அப்படியானால் பெரியவர்கள் எப்படிப் போவார்கள்? உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாக்கள் இங்கே வண்டி ஓட்டுவதில்லை. மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பிய பிறகு, நடக்கும் தூரத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் அவர்களுடைய அமெரிக்கா. காலை எட்டு மணிக்கு நான்கு பேரோடு சிரித்துப் பேசி ஆடுவது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பூங்காக்களில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதைத் தள்ளிவைத்துவிட்டு எந்தத் திட்டத்தையும் நல்ல திட்டம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். காதுக்குப் போதுமான 500 அடி, காலுக்கு மூன்று நிமிட நடைகூட இல்லை. அரை மைல் என்றாலும் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம்தான். கோவையில் உங்கள் மாமனார் காலை நடையில் இதைவிட அதிகம் நடந்திருப்பார். அவரைத் தடுப்பது அந்த ஆறு வழிச் சாலை. ஆகவே கோர்ட்டோடு சேர்த்தே இவற்றைக் கேளுங்கள்: குடியிருப்பிலிருந்து பூங்கா வரை தொடர்ச்சியான நடைபாதை; சாலையைக் கடக்கப் பாதசாரி சிக்னல்; நடுத்திட்டில் நின்று இளைப்பாற இடம். பாதசாரி சிக்னலின் நேரத்தை வழக்கமாக நொடிக்கு 3.5 அடி நடை என்று வைத்துக் கணக்கிடுவார்கள். மூட்டுவலி உள்ள ஒருவரால் அந்த வேகத்தில் போக முடியாது. முதியோர் அதிகம் கடக்கும் இடம் என்று சொல்லிக் கூடுதல் நேரம் கேட்கலாம், கொடுப்பார்கள். நடைபாதை ‘பின்னால் பார்த்துக்கொள்ளலாம்’ என்று போனால் அந்தக் கோர்ட் கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடும்.

முதல் யோசனையையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். டென்னிஸ் கோர்ட்டில் கோடு வரைவது மலிவு, சீக்கிரம் முடியும். ஆனால் டென்னிஸ் நெட் நடுவில் 36 அங்குலம், ஓரத்தில் 42. பிக்கிள்பால் நெட் நடுவில் 34, ஓரத்தில் 36. சும்மா ஆடுபவர் பொறுத்துக்கொள்வார். ஆட்டம் பழகியவர் தனி நெட் கொண்டுவருவார். இரண்டு வண்ணக் கோடுகளில் இரண்டு கூட்டமும் எரிச்சலாகும். அதோடு, ஒரு டென்னிஸ் கோர்ட்டின் மொத்த இடம் 60 அடிக்கு 120 அடி. அதில் நெருக்கி 4 பிக்கிள்பால் கோர்ட் வரையலாம். டென்னிஸில் நான்கு பேர் ஆடிய இடத்தில் பதினாறு பேர், காத்திருப்போர் தனி. சத்தம், கார், கழிப்பறைத் தேவை எல்லாம் அதே விகிதத்தில் கூடும். ஆகவே இதை ஏற்பதானால் ஒரு கோர்ட்டில் மட்டும், நர்ஸ் வீட்டிலிருந்து தள்ளியிருக்கும் கோர்ட்டில், கொண்டுபோய்க் கொண்டுவரும் நெட்டோடு, குறிப்பிட்ட மணி நேரங்களில் மட்டும் ஏற்கலாம். எந்த மாதத்தோடு இது முடியும் என்பதையும் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள். முடிவுத் தேதி இல்லாத சோதனை ஏற்பாடு நிரந்தரமாகிவிடும். இன்னொரு வழியும் உண்டு: ஊரின் பொழுதுபோக்கு மையத்தில் ஜிம் தளம் இருந்தால் வார நாள் காலைகளில் அது பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். தரையில் டேப் ஒட்டி ஆடலாம். டெக்சஸ் கோடையில் அறுபதைத் தாண்டியவர்களுக்கு அதுதான் பாதுகாப்பும்கூட.

இப்போது மண்ணுக்கு வருகிறேன். கவுன்சில் கூட்டங்களில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் பத்தாண்டு கழித்து அந்தக் கோர்ட்டில் ஆட முடியுமா முடியாதா என்பது இதில்தான் இருக்கிறது.

நீங்கள் குடியிருக்கும் பகுதி பிளாக்லேண்ட் பிரெய்ரி. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணைப் பார்த்திருந்தால் இது புரியும்; இரண்டும் ஒரே வகை, வெர்டிசால் என்பார்கள். மழையில் நீர் குடித்து ஊதும், வெயிலில் சுருங்கிக் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். அதன்மேல் சாதாரணத் தார்த்தளம் போட்டால் சில ஆண்டுகளில் விரிசல் கோடுகள் ஓடும். மேலே எத்தனை முறை வண்ணப் பூச்சு அடித்தாலும் அதே இடத்தில் திரும்ப வரும். அந்த விரிசலில் பந்து தடம் மாறும். அதைவிட முக்கியம், பின்னோக்கி நகரும் பெரியவர் கால் தடுக்கும். இந்த ஆட்டத்தில் முதியோருக்கு ஏற்படும் காயங்களில் பெரும்பங்கு கீழே விழுவதால் வருபவைதான்.

உங்கள் மண்ணுக்கு நான் பரிந்துரைப்பது போஸ்ட்-டென்ஷன் கான்கிரீட். உள்ளே பிளாஸ்டிக் உறையில் எஃகுக் கம்பிவடங்களைப் போட்டு, கான்கிரீட் இறுகியதும் அவற்றை இழுத்து முடுக்கிவிடுவார்கள். தளம் முழுவதும் எப்போதும் இறுக்கிப் பிடித்த நிலையில் இருப்பதால் நடுவில் இணைப்புகள் வேண்டியதில்லை, விரிசலும் விரிவதில்லை. தாரைவிட முதலில் செலவு அதிகம்தான். பராமரிப்பில் அது ஈடுகட்டிவிடும். ஆனால் ஒரு கட்டாயம்: நெட் தூண் எங்கே, வேலித் தூண் எங்கே, விளக்குக் கம்பம் எங்கே என்பதெல்லாம் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பின்னால் ஆசைப்பட்டுத் துளை போட்டால் இழுவிசையில் இருக்கும் வடம் அறுந்து ஆளையே காயப்படுத்தும்.

அதற்கும் முன்னால், ஆழ்துளை போட்டு மண் பரிசோதனை. அதன்படி களிமண்ணை வெட்டி எடுத்து வேறு மண் நிரப்புவதா, சுண்ணாம்பு கலந்து பதப்படுத்துவதா என்ற முடிவு. தளம் ஒரே பக்கமாக, பத்தடிக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் சரிய வேண்டும்; மழைநீர் தேங்கவும் கூடாது, கோர்ட்டை ஒட்டி மண்ணில் இறங்கவும் கூடாது. கான்கிரீட் ஊற்றி 28 நாள் கழித்துத்தான் வண்ணப் பூச்சு. திறப்பு விழாத் தேதிக்காக இதை அவசரப்படுத்தினால் பூச்சு உரிந்து வரும். கவுன்சிலில் நீங்கள் இவ்வளவும் சொல்ல வேண்டாம். “மண் பரிசோதனை அறிக்கை எங்கே? எந்த வகைத் தளம்?” என்ற இரண்டு கேள்வி போதும். கேட்கப்பட்டது என்று பதிவானாலே ஒப்பந்தம் எழுதும்போது கவனமாக இருப்பார்கள்.

அளவு பற்றிச் சுருக்கமாக. ஆடும் கோர்ட் 20 அடிக்கு 44 அடி, பேட்மின்டன் இரட்டையர் கோர்ட்டின் அதே அளவு. 1965-இல் வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில் ஒரு பேட்மின்டன் கோர்ட்டில்தான் இந்த ஆட்டமே பிறந்தது. சுற்றியுள்ள இடத்தையும் சேர்த்து 30-க்கு 60 என்பது குறைந்தபட்சம். 34-க்கு 64 என்று கேளுங்கள். பின்கோட்டுக்கு அப்பால் எட்டடிக்குப் பதில் பத்தடி கிடைக்கும். பெரியவர்கள் வேலியில் போய் மோதாமல் இருக்க அந்த இரண்டடி உதவும். நீளவாக்கு வடக்கு தெற்காக இருக்கட்டும், காலை மாலை வெயில் கண்ணில் அடிக்காது. பந்து வெறும் 22 முதல் 26 கிராம். காற்றுத் தடுப்பு இல்லாவிட்டால் உங்கள் ஊரில் ஆட்டமே நடக்காது. காத்திருக்கும் இடத்துக்கு மேல் நிழல், குடிதண்ணீர், பக்கத்திலேயே கழிப்பறை. சக்கர நாற்காலியில் ஆடுபவர்களுக்கு இந்த ஆட்டத்தின் விதிகளிலேயே இடம் உண்டு, பந்து இரண்டு முறை குதிக்கலாம். ஆகவே ஒரு கோர்ட்டாவது இன்னும் அகலமாக, 44-க்கு 74 அடியில் இருக்க வேண்டும், வாசலும் அகலமாக இருக்க வேண்டும்.

எத்தனை கோர்ட் என்ற கேள்விக்கு, 12 மிகை அல்ல. விளையாட்டுப் பொருள் தொழில்துறைச் சங்கத்தின் கணக்கில் அமெரிக்காவில் 2021-இல் 48 லட்சம் பேர் ஆடினார்கள். 2024-இல் 1 கோடியே 98 லட்சம். ஆனால் 12-ஐயும் ஒரே மூச்சில் கட்ட வேண்டியதில்லை. நிலத்தைச் சமன் செய்வது, வடிகால், மண்ணுக்கடியில் மின்குழாய் இவற்றை 12-க்கும் சேர்த்து இப்போதே செய்துவிட்டு, 4 கோர்ட்டை முதலில் திறக்கலாம். இதைத்தான் உங்கள் முதல் கோரிக்கையாக வைக்கச் சொல்கிறேன்.

பணம் இல்லை என்றால்? டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறை உள்ளூர்ப் பூங்காக்களுக்குச் செலவில் பாதியைத் திருப்பித் தரும் மானியம் வைத்திருக்கிறது. மத்திய அரசின் நிலம், நீர் பாதுகாப்பு நிதியும் அதே பாதி கணக்கு. அதை வாங்கினால் அந்த நிலம் என்றென்றும் திறந்தவெளிப் பொழுதுபோக்குக்கே என்று கட்டுப்பட்டுவிடும். வளரும் ஊரில் அதை நான் வரம் என்றே சொல்வேன். வீடு கட்டி விற்கும் நிறுவனங்களிடமிருந்து பூங்காவுக்கென நிலமாகவோ பணமாகவோ வாங்கும் விதி பல டெக்சஸ் ஊர்களில் உண்டு. உங்கள் ஊரில் அந்தக் கணக்கில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேளுங்கள்.

கூட்டத்துக்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். நர்ஸ் வீட்டுக் கதவைத் தட்டிப் பேசுங்கள். நீங்கள் கேட்கப்போவது இரண்டாவது யோசனை வேண்டாம் என்பதை அவரிடம் சொல்லுங்கள். காலையில் பெரியவர்கள் எத்தனை மணிக்கு ஆடினால் அவருக்குத் தாங்கும் என்று கேட்டு, அதை மாமனாரின் கூட்டத்திடம் ஒப்புக்கொள்ள வையுங்கள். முடிந்தால் அவரையும் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள். ஆடுகிற வீட்டுக்காரரும் எதிர்க்கிற வீட்டுக்காரரும் ஒரே கோரிக்கையை வைத்தால் எந்தக் கவுன்சிலும் நிமிர்ந்து உட்காரும்.

டெக்சஸில் 2019 முதல், நிகழ்ச்சி நிரலில் உள்ள எந்தப் பொருளிலும் கவுன்சில் முடிவெடுக்கும் முன் பொதுமக்களைப் பேச விட்டாக வேண்டும். நிரல் வெளியானதும் பொருளின் எண்ணைக் குறித்துக்கொண்டு பேசப் பதிவு செய்யுங்கள். மாமனாரும் விரும்பினால் தமிழில் பேசட்டும். நீங்கள் மொழிபெயர்க்கலாம், அதற்குக் கூடுதல் நேரம் கொடுப்பதும் அந்தச் சட்டத்தில் உண்டு.

பெரிய பூங்காவின் வரைபடம் கையில் கிடைத்தால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். மனை எல்லைகளிலிருந்து தூரத்தை அளந்து, கோர்ட்டுகளை எந்த மூலையில் கேட்பது என்று குறித்து அனுப்புகிறேன்.